பன்னிரண்டாவது படம்

முதல் நாள்: எழும்பூர்

தோளில் ஒரு பை, கையில் ஒரு காகித உறை. தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறியதிலிருந்து இந்த உறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன். உள்ளே முப்பத்தேழு படங்கள். எல்லாம் கறுப்பு வெள்ளை, உள்ளங்கைக்குள் அடங்குகிற சதுரம், ஓரம் நெளிநெளியாக வெட்டியது. பெரியப்பா இவற்றை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தார். அது எந்தக் காலத்திலோ இளகிப் பையோடு பையாக ஒட்டிவிட்டது. கத்தரிக்கோல் வைத்துத்தான் பிரித்தோம்.

பெரியப்பா 1963இல் வேலை கிடைத்து மதராஸுக்கு வந்தவர். 1985இல் மாற்றலாகி மதுரைக்குப் போனார். நடுவில் இருபத்திரண்டு வருடம். முதல் பத்து வருடம் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறை, பிறகு கல்யாணம், வாடகை வீடு. அந்த மேன்ஷன் காலத்தில்தான் ஓர் அக்ஃபா கிளிக் 3 கேமரா வாங்கினார். ஒரு ரோல் போட்டால் பன்னிரண்டு படம். ஒவ்வொரு படத்துக்கும் காசு யோசிக்க வேண்டிய காலம் என்பதால் ஒரு ரோல் முடிய நான்கு மாதம்கூட ஆகுமாம். இப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயது, முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காலாண்டு விடுமுறைக்கு எங்கே போகிறாய் என்று கேட்டார். எங்கும் இல்லை என்றேன். உறையை நீட்டினார்.

"ஒவ்வொரு இடத்திலும் போய் நில், பாப்பா. நான் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நாலடி தள்ளி நின்று எடுத்தால் கணக்கில் சேராது."

எனக்கு நாற்பத்தாறு வயது. பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். இருந்தாலும் எது கணக்கில் சேரும், எது சேராது என்பதை எங்கள் வீட்டில் பெரியப்பாதான் முடிவு செய்வார்.

முதல் படம் இந்த நிலையமே. அவர் கொல்லம் மெயிலில் வந்து இறங்கிய இடம். 1908இல் திறந்த கட்டடம். சிவப்பும் வெள்ளையுமாக, கும்மட்டங்களோடு, எந்த வயதானாலும் கல்யாணத்துக்குக் கிளம்பியதுபோல நிற்கும். படத்தில் முகப்பின் வளைவுகள், ஒரு போர்ட்டரின் பாதி முதுகு, இடது ஓரத்தில் பெரிய சக்கரம் ஒன்று. ஜட்கா வண்டியாக இருக்கும். நேர் எதிரே சாலையைக் கடந்து நின்று பார்த்தேன். நிலையத்தில் புதுப்பிப்பு வேலை நடக்கிறது. தகரத் தடுப்புக்கு மேலே கும்மட்டம் மட்டும் எட்டிப் பார்த்தது. அதையே எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் போன் வந்தது. "தகரக் கொட்டகையை எதற்கு எடுத்தாய்?"

படத்தின் பின்பக்கத்தை இப்போதுதான் கவனமாகப் படிக்கிறேன். ஊதா மையில், சாய்ந்த எழுத்தில்: "இது எழும்பூர் ஸ்டேஷன். நான் நலம்." அடுத்ததைத் திருப்பினேன். "இது ஹைகோர்ட். நான் நலம்." அடுத்தது, "இது ஸ்பென்சர். நான் நலம்." எல்லாம் ஊரிலிருந்த ஆச்சிக்குக் கடிதத்தோடு அனுப்பியவை. பெரிய கட்டடத்துக்கு முன்னால் நிற்கும் மகனுக்குக் கெடுதல் வராது என்று ஆச்சி நம்பியிருக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் எந்தப் படத்திலும் பெரியப்பா இல்லை. கேமராவைப் பிடிக்க வேறு ஆள் ஏது?

பின்பக்கம் வெறுமையாக இருக்கும் படங்களும் உண்டு. எண்ணிப் பார்த்தேன், மூன்று.

இரண்டாம் நாள்: மவுண்ட் ரோடு

முதலில் ஒரு திருத்தம். நேற்று ஜட்கா என்று எழுதியது தவறு. பெரியப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். அது கை ரிக்‌ஷாவின் சக்கரம். அப்படி ஒரு ரிக்‌ஷாவில்தான் ஊருக்கு வந்த முதல் நாள் தகரப் பெட்டியோடு திருவல்லிக்கேணிக்குப் போனாராம். "ஏறி உட்கார்ந்ததும் கூச்சமாக இருந்தது. இறங்கி நடந்துவிடலாமா என்று நினைத்தேன். வழி தெரியாது, உட்கார்ந்துவிட்டேன்" என்றார். 1973இல் தமிழ்நாட்டில் கை ரிக்‌ஷாவை ஒழித்துச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். ஆகவே அந்தப் படம் அதற்கு முந்தையது. பழைய தெருப் படங்களைப் பார்த்ததும் "ஆகா, எவ்வளவு காலியான சாலை!" என்று உருகுவது நம் எல்லோருக்கும் பழக்கம். அந்தக் காலியான சாலையில் ஒரு மனிதரை இன்னொரு மனிதர் இழுத்துக்கொண்டு ஓடினார். இழுத்தவர் படத்துக்கு வெளியே நிற்கிறார், சக்கரம் மட்டும் உள்ளே வந்திருக்கிறது.

இன்று அண்ணா சாலை. பெயர் மாறி எவ்வளவோ வருடமாகியும் ஆட்டோக்காரர் "மவுண்ட் ரோடா?" என்றுதான் கேட்டார்.

அண்ணா சிலையில் தொடங்கினேன். அண்ணா சாலையும் வாலாஜா சாலையும் சேரும் இந்த முனைக்கு ஒரு காலத்தில் ரவுண்ட் டாணா என்று பேர். எந்த ஊர் வட்டச் சந்திப்பையும் நாம் ரவுண்டானா என்கிறோமே, அந்தச் சொல்லின் தாய்வீடு இதுதான் என்பார்கள். சிலை 1968 ஜனவரியில், உலகத் தமிழ் மாநாட்டுச் சமயத்தில் வந்தது. அப்போது அண்ணா முதலமைச்சர், உயிரோடு இருந்தார். தன் சிலையைத் தானே கடந்து போகும் சங்கடத்தை அவர் ஓராண்டு அனுபவித்திருப்பார். பெரியப்பாவின் படம் அந்த ஆண்டு எடுத்தது. சிலை, மூன்று சைக்கிள்காரர்கள், ஒரு பஸ்ஸின் மூக்கு.

அவர் நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கக் கணக்கு உதவியது. அசையாத இரண்டு பொருள் வேண்டும், ஒன்று அருகே, ஒன்று தூரத்தில். படத்தில் அண்ணாவின் சுட்டுவிரல் நுனி, பின்னால் உள்ள ஒரு பழைய கட்டடத்தின் மாடி விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது. நான் இடப்பக்கம் நகர்ந்தால் விரல் வலப்பக்கம் போகிறது. விரல் விளிம்பைத் தொடும்வரை நகர வேண்டும். நகர்ந்தேன். தொட்டது. அந்த இடம் நடுரோட்டில் இருந்தது.

பச்சை விளக்கு மாறும் இடைவெளியில் ஓடிப் போய் நின்று ஒரு படம் எடுத்தேன். போக்குவரத்துக் காவலர் விசில் ஊதினார். ஓரமாக வந்ததும் "என்னம்மா, ரீல்ஸா?" என்றார் சலிப்போடு. காகிதப் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் விசிலை மறந்துவிட்டார். சிலையையோ சைக்கிளையோ அவர் பார்க்கவில்லை. "டிராஃபிக் போலீஸே இல்லையே! யார் பார்த்துக்கொண்டார்கள்?" என்றார். அவருக்குப் பின்னால் நாலு திசையிலும் ஹாரன். படத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

ஒன்று கவனித்தேன். இதே படத்தை போனில் எடுத்து வைத்திருக்கிறேன். போனில் காட்டினால் பார்த்துவிட்டு "சூப்பர்" என்கிறார்கள். காகிதத்தில் காட்டினால் வாங்கிக்கொள்கிறார்கள், முதல் வேலையாகத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறார்கள். "இது அண்ணா சிலை. நான் நலம்" என்று படித்துவிட்டு, யார் இந்த நலமானவர் என்று கேட்கிறார்கள். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

எல்.ஐ.சி. கட்டடத்தைப் பெரியப்பா நான்கு முறை எடுத்திருக்கிறார். ஒன்றில்கூட அது நேராக நிற்கவில்லை. கிளிக் 3 கேமராவின் சின்ன ஜன்னலுக்குள் அதை அடக்க ரோட்டில் குந்தி உட்கார்ந்து, தலையைச் சாய்த்து எடுத்தாராம். 1959இல் திறந்த கட்டடம். ஊரில் அதற்குப் பேரே பதினாலு மாடி. கிராமத்திலிருந்து வந்தவன் அண்ணாந்து மாடியை எண்ணுவான், ஒருவன் வந்து "எத்தனை எண்ணினாய்? மாடிக்கு ஒரு ரூபாய் எடு" என்பான், இவன் எட்டு ரூபாய் கொடுத்துவிட்டு, "பதினாலும் எண்ணிவிட்டேன், எட்டு என்று சொல்லி ஏமாற்றிவிட்டேன்" என்று ஊரில் பெருமை அடிப்பான். தமிழ்நாட்டில் இந்தக் கதையைக் கேட்காதவர் யார்? பெரியப்பா மட்டும் இது தன் அலுவலக நண்பருக்கு உண்மையிலேயே நடந்தது என்று இன்றுவரை சாதிக்கிறார்.

1975 ஜூலையில் அதே கட்டடம் தீப்பிடித்தது. பெரியப்பா எதிர்ச் சாரியில் கூட்டத்தோடு நின்று பார்த்தாராம். இப்போது அந்தச் சாரியில் நின்றால், பூமிக்கு அடியில் அதே பெயரில் மெட்ரோ நிலையம். சுற்றிலும் உயர்ந்துவிட்ட கட்டடங்களுக்கு நடுவே பதினாலு மாடி ரிட்டையர் ஆன தலைமை ஆசிரியரைப்போலத் தெரிகிறது. யாரும் எண்ணவில்லை. நான் எண்ணினேன். யாரும் காசு கேட்கவில்லை.

ஸ்பென்சர் படம் அழகு. செங்கல் முகப்பு, கூம்புக் கோபுரங்கள், நிழல் விழுந்த வராந்தா. 1983 தீயில் அது போய்விட்டது. அந்த இடத்தில் எழுந்த பிளாசாவே இப்போது பழசாகி, அதைப் பற்றி ஏக்கத்தோடு பேச ஒரு தலைமுறை வந்துவிட்டது. டீ வாங்கிய இடத்தில் முப்பது வயதுப் பையன் ஒருவன், "அந்தக் காலத்தில் இங்கே வந்துதான் கேசட் வாங்குவோம், அக்கா" என்றான். அந்தக் காலமாம்!

அஞ்சலகத்தை ஒட்டி, 1913இல் எலக்ட்ரிக் தியேட்டராக இருந்த கட்டடத்தையும் பார்த்துவிட்டேன். பெரியப்பா அதைப் படமெடுக்கவில்லை. ஆச்சிக்குக் காட்டும் அளவுக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை போலும். ஜெமினிவரை நடக்கலாம் என்றிருந்தேன், கால் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே ஸ்டூடியோ போய் எவ்வளவோ காலம், 1973இலேயே மேம்பாலமும் வந்தாயிற்று. ஆனாலும் பஸ் கண்டக்டர் வாயில் அது ஜெமினிதான்.

திரும்பும் வழியில் ஒரு கட்டடத்தின் வாசலில், காவலாளி படமெடுக்கக் கூடாது என்று தடுத்தார். தெருவைத்தானே எடுக்கிறேன் என்றேன். தெருவும் கூடாது என்றார். அறுபது வருடம் முன்பு எடுத்ததைக் காட்டினேன். "அப்போது அனுமதி வாங்கினாரா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

மூன்றாம் நாள்: மூர் மார்க்கெட்

மூர் மார்க்கெட் படங்கள் ஐந்து. சிவப்பு வளைவுகளுக்குள் கடைகள். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கூண்டில் கிளி, வால்வு ரேடியோ. ஒரு படத்தில் பெரியப்பாவின் அறைத் தோழர் மார்பு உயரத்துக்குப் புத்தகங்களை அணைத்தபடி, மேல் புத்தகத்தைத் தாடையால் அழுத்திக்கொண்டு நிற்கிறார். எத்தனை ரூபாய் பேரம் என்பது பெரியப்பாவுக்கு நினைவில்லை. ஆனால், பேரம் முடிந்து நாலடி நடந்த பிறகு கடைக்காரர் கூப்பிட்டு, "இதையும் வைத்துக்கொள்" என்று ஒரு கிழிந்த அகராதியைச் சும்மா கொடுத்தது நினைவிருக்கிறது. அந்த அகராதி எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. 'ப' வரிசை கிடையாது.

1900இல் திறந்த மார்க்கெட் 1985 மே 30 அன்று எரிந்தது. கடைக்காரர்களுக்கு அல்லிக்குளத்து இடத்தில் எழுப்பிய வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். மார்க்கெட் இருந்த மனையில் சென்ட்ரலின் புறநகர் ரயில் நிலையம் வந்தது. நிலையத்துக்குப் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். இன்றும் மின்சார ரயிலின் நெற்றியில் எம்.எம்.சி. என்ற மூன்று எழுத்து ஓடுகிறது. ஆவடிப் பக்கமிருந்து தினமும் அதில் வந்து இறங்கும் ஒரு பெண்ணிடம் எம்.எம்.சி. என்றால் என்ன என்று கேட்டேன். "மெயின் ஏதோ சென்டர்" என்றாள். படத்தைக் காட்டினேன். கிளிக்கூண்டைப் பார்த்து, "இங்கேயா, இந்த இடத்திலா?" என்று காலடியில் தரையைப் பார்த்தாள். அவளுக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

வெளியே பழைய மார்க்கெட்டின் சிறிய மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. செத்துப்போனவரின் உருவத்தைப் பொம்மையாகச் செய்து கூடத்தில் வைத்ததுபோல இருக்கிறது. பெரியப்பாவின் படத்தில் அந்த வளைவுக்குக் கீழே குனிந்து போக வேண்டிய அளவுக்குச் சாமான் தொங்கும். பொம்மையில் சாமான் இல்லை.

மாலை போனில் கேட்டேன். "தீப்பிடித்தபோது நீங்கள் இங்கேதானே இருந்தீர்கள், பெரியப்பா? அதன் படம் ஏன் இல்லை?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. மாற்றல் உத்தரவு வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்த நாள்களாம். மறுநாள் காலை போய்ப் பார்த்திருக்கிறார். கருகின காகித வாடை, காலுக்குக் கீழே நனைந்த சாம்பல். கேமரா தோளில் தொங்கியது. "எடுக்கவில்லை. அம்மாவுக்கு அனுப்பக்கூடிய படமா அது? பின்பக்கம் என்ன எழுதுவது?"

அப்படியானால் பின்பக்கம் எழுதாத அந்த மூன்று எதற்கு என்றேன்.

"அதுவா! அது கழிசல். ரோலில் பதினொன்று எடுத்தாயிற்று, ஒன்று மீதி. முடியாமல் கழுவக் கொடுத்தால் ஒரு படம் நஷ்டம். அதனால் கண்ணில் பட்டதை அடித்துவிட்டுக் கடைக்குக் கொண்டு போவேன். பன்னிரண்டாவது படம் எப்போதும் அப்படித்தான்."

நான்காம் நாள்: பாரிமுனை

இன்று நடந்தது சுருக்கம்: மழை.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. உறையில் பெரியப்பா எடுக்காத ஒரே ஒரு படம் இருக்கிறது, மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய தபால் அட்டை. பாரிமுனைப் பக்கம், டிராம் வண்டி. 1895இல் ஓடத் தொடங்கி 1953 ஏப்ரலில் நின்றுபோனது. பெரியப்பாவே பார்த்ததில்லை. டிராம் கூர்மையாக விழுந்திருக்கிறது, நின்றிருக்க வேண்டும். குறுக்கே நடந்தவர்களெல்லாம் புகை. ஒருவருக்குக் கால் மட்டும் தெளிவாக இருக்கிறது, மேலே உடம்பு இல்லை. ஊன்றிய கால் அசையாமல் இருந்த நேரத்தை ஃபிலிம் பிடித்துக்கொண்டது. அட்டையின் முன்பக்கத்திலேயே, வானம் வெறுமையாக இருக்கும் இடத்தில், யாரோ ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்து அட்டைகளில் பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான், சேதியைப் படத்தின் மேல்தான் நுணுக்கி எழுத வேண்டும். எழுதியவருக்கு இங்கே வெயில் தாங்கவில்லையாம். அதற்குமேல் படிக்க முடியவில்லை.

கோட்டைக்கு முன்னால் இருந்த வெளியின் எல்லையைக் காட்ட 1773இல் நட்ட தூண்களில் ஒன்று இன்னும் பாரி கட்டடத்தருகே நிற்கிறது. அதைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வானம் பிளந்தது. ஓடிப்போய் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்யும் கடையின் தாழ்வாரத்தில் ஒண்டினேன். பையைத் திறந்தால் உறையின் ஒரு மூலை ஊறியிருக்கிறது. அட்டை தப்பித்தது. கீழே இருந்த இரண்டு படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டிருந்தன.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நகத்தால் ஓரத்தை நெம்பப் போனேன். நல்லவேளை, அதற்கு முன் போன் செய்தேன்.

"தொடாதே!" பெரியப்பாவின் குரல் அறுபது வயது குறைந்துவிட்டது. "பிரித்தால் படம் தோலோடு வரும். அறைக்குப் போ. நல்ல தண்ணீரில் போடு. தானே விடும்."

லாட்ஜ் பிளாஸ்டிக் வாளியைக் கழுவி, ஒரு கேன் குடிநீரை ஊற்றி, இரண்டையும் போட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிடம் ஒன்றுமில்லை. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின். தண்ணீர் குடித்து ஊற வேண்டும், ஊறினால்தான் பிடி தளரும். இருபத்தைந்தாவது நிமிடம் ஒரு மூலை மெல்ல விலகியது. பிறகு, கரையிலிருந்து படகு கிளம்புவதுபோல, மேல் படம் தானாகவே நகர்ந்து போனது. இழுக்கவில்லை, தள்ளவில்லை. இரண்டையும் முகம் மேலே இருக்கும்படி துண்டின் மேல் கிடத்தினேன்.

ஒன்று ஹைகோர்ட். உயரமான கோபுரத்தில் கலங்கரை விளக்கம் எரிந்த காலத்தது. மெரினாவில் புதிய விளக்கம் வந்த 1977வரை கப்பலுக்கு வழி காட்டியது நீதிமன்றம்தான். இன்னொன்று பின்பக்கம் எழுதாத மூன்றில் ஒன்று. மழை விட்ட ஒரு தெரு, மூடிய கதவு, சுவரில் சாய்த்த சைக்கிள். இதுவரை மங்கலாகத் தெரிந்தது ஈரத்தில் பளிச்சென்று கறுத்திருந்தது. கதவுக்கு மேலே பலகை இருப்பது இப்போதுதான் தெரிகிறது. போனில் டார்ச் அடித்துப் பார்த்தேன். முன்பாதி படத்துக்கு வெளியே வெட்டுப்பட்டிருக்கிறது. மீதி: "...ணா அச்சுக்கூடம்."

பெரியப்பாவிடம் சொன்னேன். "எதுவோ ஒரு தெரு. கழிசல் என்றுதான் சொன்னேனே. ஹைகோர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

ஐந்தாம் நாள்: மெரினா, திருவல்லிக்கேணி

காலையில் கடற்கரை. "இது கண்ணகி. நான் நலம்" என்ற படத்தோடு போனேன். 1968 மாநாட்டுக்கு வைத்த சிலைகளில் ஒன்று. மற்ற படங்களில் இருப்பவை போய்விட்டன, அல்லது மாறிவிட்டன. இவள் மட்டும் போய்விட்டுத் திரும்பி வந்தவள். 2001 டிசம்பரில் எடுத்தார்கள், 2006இல் மறுபடி வைத்தார்கள். அந்த இடைவெளியில் யாராவது இந்தப் படத்தோடு வந்து நின்றிருந்தால் எவ்வளவு ஏமாந்திருப்பார்கள்! அதே 2006இல் கொஞ்சம் தள்ளி வைத்த சிவாஜி சிலை 2017இல் கிளம்பிவிட்டது. மெரினாவில் யார் எத்தனை நாள் நிற்பார்கள் என்று அலைக்குத்தான் தெரியும். விரித்த கூந்தலும் நீட்டிய சிலம்புமாக நின்றவளின் பின்னால் பெரியப்பாவின் வரியை மறுபடி படித்தேன். மதுரையை எரித்தவளைக் காட்டி நலம் என்று எழுதியவருக்கு மாற்றல் மதுரைக்கே வந்தது.

பத்து மணிக்குத் திருவல்லிக்கேணி. மேன்ஷன்கள் இருக்கின்றன. பெரியப்பா இருந்த மேன்ஷனும் பெயர் மாறி இருக்கிறது. அவர் அறை இரண்டாம் மாடியில், இப்போது அங்கே தேர்வுக்குப் படிக்கும் மூன்று பையன்கள், வாசலில் ஏழு ஜோடி செருப்பு. பைகிராஃப்ட்ஸ் சாலை பாரதி சாலையாகிவிட்டது. ரத்னா கஃபேயில் இட்லி மிதக்கிறதா மூழ்குகிறதா என்று தெரியாத அளவுக்குச் சாம்பார் ஊற்றினார்கள். பெரியப்பா சொன்ன மாதிரியே. இதை மட்டும் ஐயமில்லாமல் "கணக்கில்" சேர்த்தார்.

அச்சுக்கூடத்தைத் தேட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தேடினேன். பெரிய தெருவைச் சுற்றியுள்ள சந்துகளில் நான்கு பேரிடம் படத்தைக் காட்டினேன். மூன்று பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். நான்காவது ஆள் பூக்கட்டும் அம்மா. நாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, பூ கட்டுவதை நிறுத்தாமல் கண்ணை மட்டும் சாய்த்துப் பார்த்தார். பலகையையோ கதவையோ பார்க்கவில்லை. "இந்தப் படிக்கட்டு மூன்றாவது கல்லில் உடைந்திருக்கும். நான் விழுந்திருக்கிறேன்" என்று சொல்லி, முகவாயால் ஒரு திசையைக் காட்டினார்.

கல் இன்னும் உடைந்தே இருக்கிறது. கதவுக்குப் பதில் ஷட்டர். உள்ளே கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் சுவர் முழுக்கத் தொங்க, எழுபதைத் தாண்டிய ஒருவர் மேஜையில் உட்கார்ந்து பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். விரல் நுனி நான்கும் மஞ்சள். படத்தை நீட்டினேன். கையை வேட்டியில் துடைத்துவிட்டு, ஓரத்தைப் பிடித்து வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். மூக்கருகே கொண்டு போனார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"எங்கள் அப்பாவின் பிரஸ்" என்றார். "இந்தக் கதவுக்குப் பின்னால் டிரெடில் அச்சு மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். வலப்பக்கம் எழுத்து கேஸ். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கோத்த எழுத்தைப் பிரித்துப் பழையபடி கேஸில் போடுவது என் வேலை. ஈயம், கையெல்லாம் கறுப்பாக இருக்கும். இப்போது மஞ்சள்." பிறகு படத்தை என் பக்கம் திருப்பிச் சைக்கிளின் மேல், படாமல், விரலை வைத்தார். "இது அப்பாவின் வண்டி. செயின் கவர் தெரிகிறதா? வேட்டி சிக்கிப் பெரிய தெருவில் விழுந்த பிறகுதான் கவர் போட்டார். அது 72. ஆகவே இது 72க்கு அப்புறம் எடுத்தது."

அப்பாவின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லையாம். ஒரே ஒரு குரூப் போட்டோ, அதுவும் வெள்ளத்தில் போய்விட்டது. அப்பா இல்லாவிட்டாலும் அவருடைய வண்டி இருக்கிறதே என்றார்.

உடனே பெரியப்பாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, செய்தியைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"எழுபத்திரண்டா? யார் சொன்னது? அந்த ரோலின் முதல் படம் அண்ணாவின் இறுதி ஊர்வலத்துக்கு வந்த கூட்டம். 69 பிப்ரவரி. அடுத்த மாதமே கழுவக் கொடுத்துவிட்டேன்."

"கவர் இருக்கிறதே, ஐயா" என்றார் இவர், போனை நோக்கிக் குனிந்து.

"கவர் இருக்கும். ஏன் இருக்காது? புதிதாக வாங்கும்போதே கவரோடுதான் வாங்கினேன்."

இவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் போனைப் பார்த்தேன்.

"பெரியப்பா, அது யார் சைக்கிள்?"

"என் சைக்கிள், பாப்பா. மழைக்கு அந்தத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். மழை விட்டது. ரோலில் ஒன்று மீதி இருந்தது. எதிரே போய் நின்று எடுத்தேன். வண்டியை எங்கே வைப்பேன், தலையிலா?"

"ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்றார் இவர். "எங்கள் அப்பாவின் வண்டிக்கு முன் மட்கார்டில் ஒரு நசுக்கல் உண்டு. இதில் இருக்கிறது."

"நிழல் அது."

"நசுக்கல்."

"தம்பி, படம் எடுத்தவன் நான்."

"வண்டியைத் தினம் துடைத்தவன் நான், ஐயா."

எனக்கு நாற்காலி போட மறந்துவிட்டார்கள். மூன்றாவது கல்லைத் தவிர்த்து நாலாவது படியில் உட்கார்ந்தேன். மூலப்படம் அவரிடமே இருக்கட்டும், பெரியப்பாவுக்கு நகல் போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். இருவரும் இடம் கொடுக்கவில்லை. பேச்சு மட்கார்டிலிருந்து டைனமோ விளக்குக்குப் போய், அங்கிருந்து அந்தக் காலத்தில் திருவல்லிக்கேணியில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கடை எந்த முனையில் இருந்தது என்பதற்குப் போயிருக்கிறது. அதிலும் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரியப்பா இருமினார். இவர், "தண்ணீர் குடியுங்கள் ஐயா, நான் இருக்கிறேன்" என்று போனுக்கு முன்னால் காத்திருந்தார்.

ரயில் எட்டரைக்கு. போனில் சார்ஜ் பதினொரு சதவீதம். பத்திரிகைக்கடைப் பையன் சார்ஜர் தேடிக்கொண்டிருக்கிறான்.